உடம்பு கையைச் சுருக்கும்போது: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "கொஞ்சமாத்தான் சாப்பிடறேன், ஆனா எடை அசைய மாட்டேங்குது." ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நான்கு மாதமாக ஒரு நாளைக்கு 800 கலோரிதான் சாப்பிடுகிறேன். 84 கிலோ இருந்தேன். முதல் மாதமே 6 கிலோ குறைந்தது, அடுத்த இரண்டு மாதத்தில் 4 கிலோ. இப்போது ஐந்து வாரமாக 74-லேயே நிற்கிறது. என் மெட்டபாலிசம் கெட்டுப்போய்விட்டதா?
(பெண், வயது 34, கோவை)

மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கிற வேலை, கெட்டுப்போகவில்லை. கையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. சம்பளம் பாதியானால் வீட்டில் என்ன செய்வோம்? வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் தவிர மற்றதையெல்லாம் குறைப்போம். உடம்பும் அதைத்தான் செய்கிறது.

முதல் மாதத்து 6 கிலோவை வைத்து மற்ற மாதங்களை அளக்காதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு உண்டு. ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்திலேயே அந்த இருப்பும் தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிடும். தராசில் தெரிகிற அந்த வேகம் கொழுப்பு கரைந்த வேகம் அல்ல.

அடுத்தது, 74 கிலோ உடம்பை நடத்த 84 கிலோ உடம்பை நடத்துகிற அளவு செலவு ஆகாது. ஒரு கிலோ குறைந்தால் தினச் செலவில் தோராயமாக 20 முதல் 25 கலோரி குறையும். பத்துக் கிலோவுக்கு 200-க்கு மேல். இதற்கும் மேலே உடம்பு தானாகக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரூடால்ஃப் லீபெல் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. எடையில் 10 சதவீதம் குறைந்தவர்களின் உடம்பு, அந்தப் புது எடைக்கு ஆக வேண்டிய செலவைவிடக் குறைவாகவே செலவழித்தது.

ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வயதில், சராசரி உயரத்தில், 74 கிலோ உள்ள ஒருவர் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் சுமார் 1,400 கலோரி செலவாகும். சிக்கனத்தில் 15 சதவீதம் போனதாக வைத்துக்கொண்டாலும் 1,200 மிச்சம் நிற்கிறது. 800 சாப்பிட்டால் எடை இறங்கியே ஆக வேண்டும். அப்படியானால் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. கொழுப்பு குறைய, அந்த இடத்தில் உடம்பில் தேங்கிய தண்ணீர் அதை மறைக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இது சகஜம். ஆனால் ஐந்து வாரம் என்பது அதற்கு அதிகம். இன்னொன்று, அந்த 800 உண்மையில் 800 அல்ல.

கோபப்படாதீர்கள். 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 'எவ்வளவு குறைத்தாலும் எடை குறையவில்லை' என்று வந்த பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். மெட்டபாலிசம் சரியாகவே இருந்தது. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி அவர்கள் கணக்கில் வரவே இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்களின் நோட்டுகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். மூன்று இட்லி எழுதியிருக்கும், மிளகாய்ப்பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய் எழுதியிருக்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. குழந்தை மிச்சம் வைத்த தயிர்சாதம், அலுவலகத்தில் யாரோ நீட்டிய பர்பி, நாலாவது காபி எதற்குமே அந்த நோட்டில் இடமில்லை. ஒரே ஒரு வாரம், எண்ணெய் உட்பட, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிப் பாருங்கள்.

உண்மையிலேயே 800-தான் என்றால் அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் இருக்க வேண்டிய அளவு. வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும். முதல் மாதம் 6 கிலோ என்றீர்களே, அதனால் சொல்கிறேன்.

ரொம்பக் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு 'ஸ்டார்வேஷன் மோடு'க்குப் போய், சாப்பிட்டதையெல்லாம் கொழுப்பாக்கி எடையைக் கூட்டிவிடும் என்கிறார் என் ஜிம் டிரெய்னர். உண்மையா?
(மதுரை)

பாதி உண்மை. மற்றப் பாதி நடக்கவே முடியாதது.

இதை மனிதர்களை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் பஞ்சத்தில் அடிபட்ட ஐரோப்பியர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத் தாங்களாகவே முன்வந்தார்கள். கால்பந்து மைதானத்துப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த அறைகளில்தான் ஆய்வுக்கூடம். முதல் 12 வாரம் நாளுக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் அதில் பாதிதான், 1,600-ஐ ஒட்டி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. அதோடு வாரத்துக்கு 22 மைல் நடை.

1,600 என்ற எண்ணை மறுபடி படியுங்கள். இன்றைக்கு எத்தனையோ டயட் சார்ட்டுகளில் இதைவிடக் குறைவாகத்தான் எழுதித் தருகிறார்கள்.

ஆறு மாதத்தில் சராசரி எடை சுமார் 69 கிலோவிலிருந்து 53-க்கு இறங்கியது. ஓய்வில் ஆகும் கலோரிச் செலவு கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்தது. அதில் பெரும்பங்கு உடம்பே மெலிந்துபோனதால் வந்தது. மிச்சம்தான் உடம்பு தானாகப் பிடித்த சிக்கனம். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 35 வரை இறங்கியது. ஜூலை மாதக் கோடையில் கூடுதலாகப் போர்வை கேட்டார்கள். படிக்கட்டு ஏறுவதே வேலையாகிப் போனது. சமையல் புத்தகங்களைக் கதைப்புத்தகம் போலப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வாய் உணவில் தண்ணீர் கலந்து மணிக்கணக்கில் இழுத்தடித்துச் சாப்பிட்டார்கள்.

உங்கள் டிரெய்னரின் பேச்சுக்குப் பதில் இங்கே இருக்கிறது. அத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் ஒருவருக்குக்கூட உடம்பில் கொழுப்பு கூடவில்லை. இளைத்துக்கொண்டேதான் போனார்கள். இல்லாத கலோரியிலிருந்து எந்த உடம்பாலும் கொழுப்பு செய்ய முடியாது. முடியுமானால் பஞ்சத்தில் யாரும் எலும்பும் தோலுமாகியிருக்க மாட்டார்கள்.

அவர் சொன்னதில் உண்மையான பாதி, சாப்பாட்டைத் திறந்துவிட்ட பிறகு நடந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல்கூடச் சாப்பிட்டார்கள். அப்படியும் பசி அடங்கவில்லை என்றார்கள். கொழுப்பு முதலில் திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது. தசை மெதுவாகப் பின்னால் வந்தது. டயட்டை விட்டவர்கள் 'முன்னைவிடக் குண்டாயிட்டேன்' என்று சொல்வது இதைத்தான்.

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால், பழம் மட்டும்தான். இப்படி விரதம் இருந்தால் மெட்டபாலிசம் படுத்துவிடுமா?
(திருச்செந்தூர்)

படுக்காது. முழுப் பட்டினியிலேயே முதல் இரண்டு மூன்று நாள் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் கூடுவதால் ஓய்வுச் செலவு கொஞ்சம் ஏறவும் செய்யலாம். சிக்கனம் என்பது வாரக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டால் வருவது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவராகவோ இன்சுலின் எடுப்பவராகவோ இருந்தால் மட்டும் விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

டயட் ஆரம்பித்து மூன்று மாதம். ஏசி இல்லாமலேயே குளிர்கிறது, முடி கொத்துக் கொத்தாக வருகிறது, இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை. தைராய்டு பார்த்ததில் டிஎஸ்ஹெச் நார்மல், டி3 மட்டும் கம்மி. தைராய்டு மாத்திரை போடலாமா?
(வயது 26, சென்னை)

நீங்களாகப் போடவே கூடாது. தைராய்டை வேலை செய்யச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்தான் டிஎஸ்ஹெச்; அது நார்மல் என்பதால் இது தைராய்டு நோய் மாதிரித் தெரியவில்லை. உடம்பு அடுப்பைத் தணித்து வைத்திருக்கிறது.

கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் வருகிறது. 'கையிருப்பு எவ்வளவு' என்று மூளைக்குச் சொல்வது இதுதான். ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு 1994-இல் கண்டுபிடித்தது. சாப்பாட்டைக் கடுமையாக வெட்டினால், கொழுப்பு கரைகிற வேகத்தைவிட வேகமாக லெப்டின் சரியும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனை வேகமுள்ள டி3 ஆக மாற்றுவது குறையும், அதனால் குளிர். கருத்தரிப்புக்கு இது காலமில்லை என்று கருமுட்டை வெளியாவது நிற்கும், அதனால் மாதவிடாய் இல்லை. முடி கொட்டுவதும் அப்படித்தான்; உடம்புக்கு அதிர்ச்சி தந்த இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும், சாப்பாடு சீரானால் வளரும்.

மாத்திரை போட்டு அந்த அடுப்பைத் தூண்டினால் கொழுப்போடு தசையும் எரியும், இதயம் படபடக்கும். மகப்பேறு மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யட்டும். மாதவிடாய் நின்றே இருந்தால் எலும்பும் பலவீனமாகும். டயட்டை இன்றோடு நிறுத்துங்கள்.

எனக்கு 43. நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் குறையும், அதனால்தான் தொப்பை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
(சேலம்)

நண்பர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்து ஹெர்மன் பான்ட்ஸர் குழு 2021-இல் கணக்கிட்டது. உடலளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயது முதல் 60 வரை கலோரிச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டம். இறக்கம் 60-க்குப் பிறகுதான். தொப்பைக்கு வேறு காரணம் தேடுங்கள், நாற்காலியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒருமுறை குறைந்த மெட்டபாலிசம் திரும்பவே திரும்பாது என்று அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறதாமே? அப்படியென்றால் எதற்காக இந்தப் பாடு?
(திருநெல்வேலி)

'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் 14 பேரைச் சொல்கிறீர்கள். முப்பது வாரத்தில் சராசரி 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். ஆறு வருடம் கழித்து அளந்தபோது அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வுச் செலவோ அவர்கள் உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. கெவின் ஹால் தலைமையில் 2016-இல் வந்த முடிவு. அன்று வந்த செய்தித் தலைப்புகள் பலரைப் பயமுறுத்தின.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் தலைப்பாக்கவில்லை. குறைத்த எடையைத் திரும்ப ஏறவிடாமல் அதிகம் காத்துக்கொண்டவர்களுக்குத்தான் சிக்கனமும் அதிகம். மெட்டபாலிசம் குறைந்ததுதான் எடையைத் திருப்பிக் கொண்டுவந்தது என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எடையை ஏறவிடாமல் பிடித்து வைத்தவர்களை வேறுபடுத்தியது, உடலுழைப்பைக் கூட்டி, அதை விடாமல் வைத்திருந்தது. மேலும், தினம் பல மணி நேரம் பயிற்சி செய்து 58 கிலோ குறைத்தவர்களின் கணக்கை, எட்டுக் கிலோ குறைக்க நினைக்கும் நமக்கு அப்படியே பொருத்த முடியாது.

எடை திரும்புவதற்குப் பெரிய காரணம் பசி என்பது என் கருத்து. 2011-இல் மெல்போர்னில் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் க்ரெலின் அப்போதும் கூடுதலாக, லெப்டின் குறைவாகவே இருந்தது. மன உறுதி இல்லாதவர் என்று உங்களைத் திட்டுகிற உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கிரீன் டீ, காரம், சீட் டே, இரண்டு வாரம் டயட்டுக்கு லீவு... இதில் எதுவாவது மெட்டபாலிசத்தை ஏற்றுமா?
(பெங்களூரு)

கிரீன் டீயும் காரமும் கணக்கில் சேராது. சீட் டே, அதாவது வாரத்தில் ஒரு நாள் இஷ்டத்துக்குச் சாப்பிடுவது, பெரும்பாலும் ஆறு நாள் சேமிப்பை ஒரே மதியத்தில் செலவழிப்பதில் முடிகிறது.

லீவு விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. 2017-இல் ஆஸ்திரேலியாவில், பருமனான ஆண்களில் ஒரு பிரிவை இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் எடையை நிலைநிறுத்தும் அளவு சாப்பாடு என மாற்றி மாற்றி வைத்தார்கள். விடாமல் டயட் இருந்தவர்களைவிட இவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது, சிக்கனமும் குறைவு. பிறகு உடற்பயிற்சி செய்பவர்களிடம் நடந்த சோதனையில் அந்த மெட்டபாலிச லாபம் தெரியவில்லை. மனசுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதற்காக நான் லீவு தருகிறேன்.

நிஜமாகவே உதவுவது இரண்டு. ஒன்று, தசையைக் காப்பது: வேளாவேளைக்குப் புரதம் (முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பனீர்), வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. இரண்டாவது யாரும் கவனிக்காதது. டயட்டில் இருக்கிறவர் தனக்கே தெரியாமல் அசைவதைக் குறைத்துவிடுவார். ஒரு அம்மாவோடு வந்த மகள் சொன்னாள்: "முன்னாடி நின்னுக்கிட்டேதான் வெங்காயம் நறுக்குவாங்க. இப்ப முறத்தை எடுத்துக்கிட்டு டிவி முன்னாடி உக்கார்ந்துடறாங்க. மாடிக்குத் துணி எடுக்க என்னை அனுப்பறாங்க." அந்த அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. காலையில் ஒரு மணி நேரம் நடப்பதாக என்னிடம் எழுதிக் காட்டினார், உண்மைதான், நடந்தார். மிச்சப் பதினைந்து மணி நேரத்தில் உடம்பு அதைத் திரும்ப வசூலித்துவிட்டது.

ஸ்மார்ட் வாட்ச் 600 கலோரி எரிந்தது என்று காட்டினால், அவ்வளவு கூடுதலாகச் சாப்பிடலாமா?
(பெயர், ஊர் குறிப்பிடவில்லை)

வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. உங்கள் உடம்பு சிக்கனத்தில் இருப்பதும் அதற்குத் தெரியாது. அதில் அடி எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தைவிட அது குறைந்திருக்கிறதா என்று.