பதின்மூன்று கோல்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கால்பந்து உலகக் கோப்பை வந்தாலே ஜஸ்ட் ஃபோன்டேன் பெயர் அடிபடுகிறது. 1958இல் பிரான்சுக்காக 13 கோல் அடித்தார், ஒரே உலகக் கோப்பையில் அதற்கு மேல் யாரும் அடித்ததில்லை என்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தடுப்பாட்டமே சரியாக இல்லை, யார் வேண்டுமானாலும் கோல் அடித்திருக்கலாம் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். 2022இல் பிரான்சின் எம்பாப்பே அடித்த 8 கோல்தான் பெரிது என்பது அவர்கள் கட்சி. உங்கள் கருத்து என்ன? இன்னொன்று, அவ்வளவு அடித்தவர் 28 வயதிலேயே ஏன் ஆட்டத்தை விட்டார்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1958இல் ஸ்வீடனில் நடந்த 35 ஆட்டங்களில் 126 கோல்கள் விழுந்தன. 2022இல் 64 ஆட்டங்களில் 172. அன்று கோல் அடிப்பது இன்றைவிட எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்படியென்றால் மற்றவர்களும் அடித்திருக்க வேண்டுமே? அதே ஸ்வீடனில், அதே தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஆடிய பெலேவும் மேற்கு ஜெர்மனியின் ஹெல்முட் ரானும் ஆளுக்கு 6 கோல்தான் அடித்தார்கள். அவர்களே இரண்டாம் இடம். அதற்கு முந்தைய 1954 கோப்பையில் 26 ஆட்டங்களில் 140 கோல்கள் கொட்டின. அதிலும் ஹங்கேரியின் கோச்சிஷ் 11 வரைதான் போக முடிந்தது. காலம் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம், ஆனால் காலம் வந்து கோல் அடிக்கவில்லை.

ஃபோன்டேன் ஆடியது ஆறு ஆட்டங்கள். ஆறிலும் கோல் அடித்தார். பராகுவேயுடன் மூன்று, யூகோஸ்லாவியாவுடன் இரண்டு, ஸ்காட்லாந்துடன் ஒன்று, வட அயர்லாந்துடன் இரண்டு, பிரேசிலுடன் ஒன்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியுடன் நான்கு. ஒன்றுகூட பெனால்டி இல்லை. அந்த ஜெர்மனி ஆட்டத்தில் பிரான்சுக்குக் கிடைத்த பெனால்டியை அடித்தவர் அணித் தோழர் ரெய்மோன் கோபா.

இத்தனைக்கும் ஃபோன்டேன் முதல் தேர்வாக ஸ்வீடனுக்குப் போனவர் இல்லை. அவருடைய ரெய்ம்ஸ் கிளப் தோழர் ரெனே பிலியார் காயம்பட்டதால்தான் அந்த இடம் இவருக்கு வந்தது. போன இடத்தில் பயிற்சியின்போது இவருடைய பூட்ஸ் கிழிந்துவிட்டது. இன்றுபோல் கம்பெனிகள் பெட்டி பெட்டியாக அனுப்பும் காலமா அது? அணியில் அதே அளவு கால் உள்ள ஸ்டீஃபான் புருவே தன்னுடைய பூட்ஸைக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், இன்னொருவர் கால் பழகிய தோல், இன்னொருவர் விரலுக்கு வளைந்த முனை. அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த 13 கோல்களையும் அடித்தார்.

பிரேசிலுடனான அரையிறுதியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. பிரேசிலின் வாவா அடித்த முதல் கோலுக்கு ஒன்பதாவது நிமிடத்திலேயே ஃபோன்டேன் பதில் சொல்லிவிட்டார். அப்புறம் பிரான்சின் தடுப்புத் தூணான ரொபேர் ஜோங்கேவுக்குக் காலில் பலத்த அடி. அன்று மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில் இடமில்லை. அவர் ஓரமாக நொண்டிக்கொண்டு நிற்க, பிரான்ஸ் கிட்டத்தட்ட பத்துப் பேரோடு ஆடியது. 17 வயது பெலே மூன்று கோல் போட்டார். 5-2 என்று முடிந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1960இல் அவருக்குக் கால் முறிந்தது. குணமாகித் திரும்பியவருக்கு 1961இல் அதே கால் மறுபடி முறிந்தது. 1962இல் ஆட்டத்தை விட்டார். பிரான்சுக்காக 21 ஆட்டங்கள், 30 கோல்கள். அதோடு சரி.

ஆனால் அவர் முடங்கிக் கிடக்கவில்லை. அன்றைய பிரான்சில் ஒரு வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 35 வயதுவரை அந்தக் கிளப்பின் சொத்து மாதிரி. எங்கே ஆடுவது, எப்போது போவது என்பதெல்லாம் கிளப் வைத்த சட்டம். 1961இல், காயத்தோடு போராடிக்கொண்டிருந்த அதே வருடம், கேமரூனில் பிறந்த யூஜீன் நிஜோ லேயாவோடும் வேறு சிலரோடும் சேர்ந்து தொழில்முறைக் கால்பந்து வீரர்களுக்கான சங்கத்தை அமைத்தார் ஃபோன்டேன். அதன் முதல் தலைவரும் அவரே. 1963இல் கோபா, வீரர்கள் அடிமைகள் என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னதற்கு, உடனே அமலாக்காமல் நிறுத்திவைத்த ஆறு மாதத் தடை விதித்தார்கள். நிலைமை அப்படி இருந்தது.

உங்கள் நண்பர்கள் கோல் கணக்கைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். இன்று எம்பாப்பே ஒப்பந்தம் முடிந்ததும் தனக்குப் பிடித்த கிளப்புக்குப் போகிறாரே, பிரான்சில் அதற்கான வழி 1969இல்தான் திறந்தது. இத்தனை வருடம் என்று கால வரையறை போட்ட ஒப்பந்தம் அந்த ஆண்டுதான் வந்தது. ஃபோன்டேன் பூட்ஸைக் கழற்றி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒப்பந்தத்தின்கீழ் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அன்புடன்.