பேலட் பலகையும் சொந்த மண்ணும்

வணக்கம் ஐயா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். இது இலக்கியக் கேள்வி இல்லை என்பதால் தயங்கித்தான் எழுதுகிறேன். பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் நிலம் போன வருடம் என் பெயருக்கு மாறியது. ஆறு ஆடு, கொஞ்சம் நாட்டுக்கோழி வளர்க்க எண்ணம். பிறையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கழித்துப் போடும், சரக்கு அடுக்குகிற மர பேலட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆட்டுக் கொட்டகை, கோழிக்கூண்டு, சாமான் அறை எல்லாவற்றையும் அதிலேயே கட்டலாம் என்று நிறையக் காணொளி பார்த்துவிட்டேன். இரண்டு மூன்று வருடம் தாங்கினால் போதும். சூடுகாட்டிய முத்திரை இருந்தால் கரையான் வராதாமே, சரியா? மேலே கறுப்பு எண்ணெய் அடித்தால் போதுமா? மச்சான் வந்து பார்த்துவிட்டு, "குப்பையில கட்டுறதுக்கா நிலம் வாங்கின" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். அதுதான் மனதை உறுத்துகிறது. எளிமை பற்றியெல்லாம் எழுதும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., நிபோங் திபால்

அன்புள்ள தம்பி,

மச்சானை முதலில் ஓரமாக உட்கார வைப்போம். நிலம் வாங்கினவனைப் பார்த்து யாராவது ஒருத்தர் சிரிக்கத்தான் செய்வார். எளிமையையும் விட்டுவிடுங்கள். பேலட்டைப் பிரித்துக் கட்டுவதில் எளிமை எதுவும் கிடையாது. அதில் அடித்திருப்பது முறுக்காணி. நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் இரும்பறுக்கும் பிளேடை விட்டு ஆணியை அறுக்க வேண்டும். நாலு பேலட் பிரிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். எளிமை வேண்டுமென்றால் கடையில் பலகை வாங்குங்கள்.

முத்திரை விஷயத்தில் யாரோ உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். கோதுமைக் கதிர் படம், மலேசியா என்றால் எம்.ஒய். என்ற நாட்டுக் குறி, பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்து. 2002-இல் வந்த அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு விதிப்படி போடுவது அது. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, அரை மணி நேரம் குறையாமல் நின்றது என்பதற்கு அடையாளம். ஒரு நாட்டுப் பூச்சி கப்பலேறி இன்னொரு நாட்டுக் காட்டுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகச் செய்கிறார்கள். அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சி செத்தது, அவ்வளவுதான். நாளைக்கு உங்கள் மண்ணிலிருந்து ஏறப்போகும் கரையானுக்கு எச்.டி. என்று வாசிக்கத் தெரியாது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது. ஆடு கோழி இருக்கும் இடத்துக்கு அது வேண்டாம், தள்ளி வையுங்கள். ரசாயனம் கொட்டிக் கறை பிடித்ததை எந்த முத்திரை இருந்தாலும் தொடாதீர்கள். முழுக்க நீல வண்ணம் அடித்த பேலட் அநேகமாக வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. உங்கள் தொழிற்சாலை "எடுத்துக்கோ" என்று சொன்னாலும் அதைக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

சரி, நான் பேச வந்ததற்கு வருகிறேன்.

ஒரு பலகையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். பிசின் வாசனையும் முடிச்சுமாக லேசாக இருந்தால் அது பைன் மரம், ஏதோ இயந்திரத்தோடு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும். சிவப்பும் பழுப்புமாகக் கனத்தால் நம் காட்டு மரங்களில் ஒன்று. வெளிறிய பாலாடை நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் ரப்பர் மரம். நம் கித்தா மரம்தான்.

கொஞ்ச காலமாகவே பிறைப் பக்கம் போகும்போதெல்லாம் சாலையோரத்துப் பேலட் கிடங்குகளைப் பார்த்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. என் பாட்டி காலத்தில் பால் வற்றிய கித்தா மரம் வெறும் விறகு. புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தவும் செங்கல் சூளைக்கும் எரித்தார்கள். 1980-களில்தான் அது நாற்காலி மேசையாகிப் பெரிய அளவில் கப்பலேற ஆரம்பித்தது. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்துவிட்டு வெட்டுப்படுகிற மரத்தில், நாற்காலிக்கு ஆகாதது பேலட்டுக்குப் போகிறது. உங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் கிடப்பது உங்கள் ஆயா பால் வெட்டிய மரமாகக்கூட இருக்கலாம்.

அதற்காக உருகிவிடாதீர்கள். வெயில் மழையில் நிற்கிற மரமில்லை அது. கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகத்தார் மரத்தின் ஆயுளைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டங்குலச் சதுரக் கட்டையை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, பாதியை மண்ணில் புதைத்துவிட்டு, எத்தனை வருடம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். பத்து வருடம் தாண்டி நிற்கிற மரம் முதல் வகுப்பு. ரப்பர் மரம் கடைசி வகுப்பு, இரண்டு வருடம் தாங்காது. அறுத்தவுடன் போரக்ஸ் மருந்து ஏற்றியிருப்பார்களே என்பீர்கள். அது தண்ணீரில் கரைகிற உப்பு. நம் ஊர் மழையில் எவ்வளவு நாள் இருக்கும்? காணொளிகளில் பேலட்டை அப்படியே மண்ணில் நிறுத்தி, பூந்தொட்டி வைத்து, அழகாகப் படம் எடுக்கிறார்கள். மூன்றாவது வருடம் அதே இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

என் அப்பா தெற்கு செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் ஆட்டுக் கொட்டகை போட்டிருந்தார். பெட்டிப் பலகை, ஸ்டோரில் கழித்த சட்டம், காட்டுக்கம்பு, மேலே அத்தாப்பு ஓலை. பார்க்க லட்சணமாகவே இருக்கும். ஆனால் மொத்தக் கொட்டகையிலும் ஓர் ஆணி கிடையாது, எல்லாம் கம்பிக்கட்டு. ஒவ்வொரு பலகையின் உள்பக்கத்திலும் கரியால் எழுதியிருப்பார்: மேற்குச் சுவருக்கு 'மே', கிழக்குக்கு 'கி', பக்கத்தில் எண். கம்பெனியிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் கங்காணி முதல் நாளே வந்து, லயத்துக்குப் பின்னால் எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று ராத்திரி அப்பா குறடோடு உட்காருவார், நான் விளக்குப் பிடிப்பேன். கொட்டகை ஓர் அடுக்காகிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆடுகள் கித்தாக் காட்டுக்குள் போகும். துரை கார் கிளம்பியதும் எண்ணைப் பார்த்து மறுபடி எழும்பும்.

வேலை தெரியாதவர் இல்லை. கோவில் தேரில் சட்டம் விட்டுப்போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை வாழ்நாள் முழுக்கப் பிரிப்பதற்காகவே கட்டியது. வேலை இருக்கும்வரைதான் லயம், வேலை போனால் வீடும் போகும் என்கிற இடத்தில் ஆட்டுக்கு எவன் அஸ்திவாரம் போடுவான்? பிறகு தோட்டத்தை விற்றார்கள், வீடமைப்பு வந்தது, நாங்கள் அடுக்குமாடிக்குப் போனோம். அந்தப் பலகைகளையும் அப்பா லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா திட்டித் தீர்த்தார். மூன்றாவது மாடியில் ஆடு எங்கே வளர்ப்பது? படிக்கட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்கு முன்னால், துப்புரவு என்று யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதனால்தான் தம்பி, இரண்டு மூன்று வருடம் தாங்கினால் போதும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவது வருடம் உங்களை யார் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள்? நிலத்தின் கிராண்டில், பட்டாவில், உங்கள் பெயர் இருக்கிறது. நம் ஆட்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். நிலம் வாங்குவார்கள், பழமரம் வைக்க மாட்டார்கள், கீரை போடுவார்கள். வேலிக்குக் கம்பிக்கட்டு, கொட்டகைக்கு நாலு கம்பு, ஒரு தகரம். கேட்டால் காசு இல்லை என்பார்கள். காசு இருக்கிறவர்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள். துரை போய் எத்தனையோ காலம் ஆயிற்று; இவர்கள் இன்னும் அவர் வருகிற தேதியைக் கணக்குப் பார்த்துக் கட்டுகிறார்கள். பழைய கட்டையில் கட்டுவது எனக்கு உறுத்தவில்லை. போனால் போகட்டும் என்று கட்டுவதுதான் உறுத்துகிறது.

ஆகவே பேலட்டைச் சுவருக்கு வையுங்கள், தட்டுக்கு வையுங்கள், காலுக்கு வைக்காதீர்கள். காலுக்குக் காசு செலவழியுங்கள். நல்ல கட்டையோ துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ, உங்கள் வசதி. பழைய மலாய்க் கிராமத்து வீடு ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். தூண் மண்ணுக்குள் போயிருக்காது, கல்லின் மேல் நிற்கும். மரம் நனைவதால் மட்டும் உளுத்துவிடாது; நனைந்தது காய வழியில்லாமல் கிடந்தால்தான் உளுக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் அதைத் தின்ன முடியாது. மண்ணில் நட்ட கட்டை நம் ஊரில் ஒருநாளும் அவ்வளவு காயாது. எனவே ஓரடி உயரத்துக்காவது சிமெண்டுக் கால் போட்டு, அதன் மேல் மரத்தை நிறுத்துங்கள். கரையான் சிமெண்டிலும் ஏறும். ஆனால் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற முடியும். பென்சில் கனத்தில் பழுப்புக் கோடாகத் தெரியும். தழை போடப் போகும்போது குனிந்து பார்த்து, தெரிந்தால் விளக்குமாற்றால் இழுத்துவிடலாம். நட்ட கம்புக்குள் ஏறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் ஆடு உரசும், தூண் உட்கார்ந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், மரம் மண்ணைத் தொடக்கூடாது. வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

கறுப்பு எண்ணெய் வேண்டாம். இன்ஜினிலிருந்து வடித்த கழிவு அது. ஆடு மரத்தை நக்கும், மழை அதை மண்ணில் இறக்கும், அந்த மண்ணில்தான் நீங்களும் கீரை போடப் போகிறீர்கள்.

ஆட்டுக்குத் தரை உயரமாக, புழுக்கை கீழே விழுகிற மாதிரி இடைவெளி விட்டு இருக்க வேண்டும். பேலட்டையே தரையாகப் போட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அதன் சந்தில் என் கையே நுழைகிறது. குட்டியின் கால் உள்ளே போனால் ஒடியும். பலகையைப் பிரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் அடியுங்கள், இரண்டைத் தாண்ட வேண்டாம். கோழிக்கூண்டுக்கும் பேலட்டை இரண்டு பக்கப் பலகையோடு அப்படியே சுவராக நிறுத்தாதீர்கள். நடுவில் இருக்கும் பொந்துக்கு முதலில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மாநகர் மன்ற அனுமதி பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேளுங்கள், என்னிடம் இல்லை, அவர்களிடம்.

கூரையை முதலில் போடுங்கள். கால், கூரை, இரண்டடி இறவாரம். சுவரெல்லாம் அதற்கு அப்புறம். நிழலில் நின்று வேலை பார்க்கலாம், பிரித்த பலகையும் அடியில் கிடந்து காயும். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்று ஆணி மட்டும் அடித்த கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் கூரைச் சட்டத்தைக் காலோடு இரும்புப் பட்டை போட்டு முடுக்குங்கள். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு ஆடு வாங்குங்கள். ஆறு வேண்டாம், முதலில் இரண்டு போதும்.