எவரெஸ்ட் பாதைக்கு எந்த கேமரா?

கேள்வி: அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கப் போகிறேன். போர்ட்டர் கிடையாது, எல்லாம் என் முதுகில்தான். கையில் கேனான் 5டி மார்க் 4 கேமரா, அதோடு 24-70, 70-200 என்று இரண்டு கனமான 2.8 ஜூம் லென்ஸ். இதையே தூக்கிக்கொண்டு போகலாமா, சின்னதாக ஒன்று வாங்கிவிடவா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 70-200 வீட்டிலேயே இருக்கட்டும், அதில் யோசிக்கவே வேண்டாம். அது மட்டுமே ஒன்றரை கிலோ. லென்ஸ் இல்லாத வெறும் கேமரா 890 கிராம், 24-70 இன்னொரு 800, ஆக மூன்று கிலோவைத் தாண்டிவிடும். நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் விமானத்தில் ஒருவருக்குப் பொதுவாகச் சுமை மொத்தமே 15 கிலோதான், ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விமானத்தையாவது சமாளித்துவிடலாம். வழியில் உயரமான தொங்கு பாலத்தைத் தாண்டியதும் நாம்சே என்ற ஊர் வரை 600 மீட்டர் ஏற்றம் இருக்கிறதே, அங்கேதான் ஒவ்வொரு கிராமும் தெரியும்.

முதல் முறை போனபோது நான் பெரிய கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, எடுத்து, மறுபடி மாட்டி, மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. யாக் வரிசை ஒன்று மணி குலுங்க எதிரே வந்தபோது பாறையோரம் ஒதுங்கி நின்று சும்மா பார்த்தேன். அந்தப் படம் என்னிடம் இல்லையே என்று இன்றும் வருத்தம் உண்டு.

கேமரா நெஞ்சருகிலேயே இருக்க வேண்டும். பையின் தோள் வாரில் திருகி மாட்டும் கிளிப் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கழுத்தில் தொங்கவிட்டால் குனிந்து ஏறும்போது ஆடிப் பாறையில் மோதும். ஆனால் அந்தக் கிளிப்பில் உங்கள் 5டியும் 24-70 லென்ஸும் சேர்ந்து 1.7 கிலோ தொங்கினால் ஒரு பக்கத் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். பணம் இருந்தால் சோனி ஏ6400, கூடவே வரும் 16-50 லென்ஸோடு சேர்த்து சுமார் 520 கிராம்தான். இல்லையென்றால் உங்கள் 5டியிலேயே ஜூம் இல்லாத 50 எம்எம் 1.8 என்ற சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். மலை ஃபிரேமில் அடங்காவிட்டால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து மூன்று நான்கு படம் எடுத்து அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: குளிரில் பேட்டரி நிற்குமா?
- அதே வாசகர்

பதில்: நிற்காது. பேஸ் கேம்புக்கு முந்தைய கடைசி தங்குமிடமான கோரக் ஷெப்பில் விடியற்காலையில் 60 சதவீதம் காட்டிய பேட்டரி பத்தே நிமிடத்தில் செத்தது, சட்டைக்குள் வைத்துச் சூடேற்றியதும் மறுபடி உயிர் வந்தது. மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், பகலில் உள்சட்டைப் பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். மேலே போகப்போக லாட்ஜில் சார்ஜ் போடத் தனியாகக் காசு வாங்குவார்கள். சாண அடுப்பு எரியும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் முழுக்க ஈரம் படிந்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே வந்து அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்.

இன்னொன்று, கோரக் ஷெப்புக்கு மேலே எவரெஸ்டைப் பார்க்க ஏறும் காலா பத்தர் மேட்டுக்கு முடிந்தால் மாலையில் ஏறுங்கள். காலையில் சூரியன் எவரெஸ்டுக்குப் பின்னாலிருந்து வரும், மலை கருப்பாகத்தான் விழும். மாலையில் அந்த உச்சி மட்டும் பொன்னாக நிற்கும். இறங்கும்போது இருட்டிவிடும், தலையில் மாட்டும் ஹெட்லைட்டை மறக்காதீர்கள்.