காப்பர் ஸ்லாக் போட்டு வீடு கட்டினால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடுமா?

காப்பர் ஸ்லாக் என்பது தாமிரத்தை உருக்கிப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்புக் குருணைக் கழிவு. அதைக் கான்கிரீட்டில் கலக்கப் போகிறீர்களா, மனையை மேடாக்கக் கொட்டப் போகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. லாரிக்காரர் எம்.சாண்டை விட மலிவு என்றிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் விஷம் என்றிருப்பார். அப்படித்தானே?

கான்கிரீட்டுக்கு என்றால் தாராளமாகப் போடலாம். கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 383, 2016 பதிப்பின்படி கம்பி கட்டிய கான்கிரீட்டில் மணலில் 35 சதவீதம் வரை, கம்பி இல்லாததில் 40 வரை. அதைத் தாண்ட வேண்டாம். ஸ்லாக் கண்ணாடி மாதிரி வழவழப்பு, தண்ணீரை உறிஞ்சாது. கூடிப்போனால் கலவை தண்ணீரை மேலே கக்கிவிடும். அளவோடு போட்டால், அதில் இருக்கும் உலோகம் இறுகிய சிமெண்டை விட்டு லேசில் வெளியே வராது.

மனையில் கொட்டுவதென்றால் நான் தயங்குவேன். தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு ஒப்பந்ததாரர் கிணற்றை ஒட்டிய பள்ளத்தை நிரப்ப, 'நச்சு இல்லை' என்று ரிப்போர்ட் கேட்டு வந்தார். பாலித்தீன் பையில் கறுகறுவென்று மினுங்கும் குருணை, தூசியே இல்லை. யாரோ அலசிக் கொண்டுவந்த சாம்பிள். "குவியலில் நானே எடுக்கிறேன்" என்றேன். முகம் மாறிவிட்டது. போய்ப் பார்த்தால் குவியலுக்குள் சிவப்பும் பச்சையுமாக பெயின்ட் செதில்கள். கப்பலில் பழைய பெயின்டை உரிக்க ஸ்லாக்கைத்தான் பீய்ச்சி அடிப்பார்கள். அப்படி அடித்து முடித்த சரக்கு அது. கப்பல் அடிப்பாகத்துப் பெயின்டில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கும், அதுவும் பொடியாக. முழுக் கருப்பட்டியும் நுணுக்கிய கருப்பட்டியும் ஒரே வேகத்திலா கரையும்? ரிப்போர்ட் வேறு மாதிரிதான் வரும் என்றேன். சரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார், எங்கே கொட்டினாரோ.

இன்னொன்று. 'டி.சி.எல்.பி. பாஸ்' என்று காகிதம் காட்டினால் மயங்காதீர்கள். அது குப்பைமேட்டில் கொட்டினால் கழிவிலிருந்து நச்சு எவ்வளவு கசியும் என்று பார்க்கும் சோதனை. அதில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிநீருக்கோ 0.01. வெறும் தண்ணீரில் ஊறவைத்த சோதனையையும் கேளுங்கள்.

உடனே 'ஆலைக்காரன் ஆள்' என்று கமெண்டில் கிளம்ப வேண்டாம், 'வளர்ச்சிக்கு எதிரி' என்றும் வேண்டாம். இரண்டு பட்டமும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. இந்த ஸ்லாக் வந்துகொண்டிருந்த தூத்துக்குடித் தாமிர ஆலை 2018 மே மாதமே மூடியாயிற்று. அதனால் அங்கத்திய சரக்கு என்று சொன்னால் எந்தக் குவியல், யார் கை மாறி வந்தது என்று விசாரியுங்கள். அவ்வளவுதான் சொல்கிறேன்.

கேட்டதால் இதையும் கொட்டிவிடுகிறேன். டி.சி.எல்.பி. சாம்பிள் அமிலக் கரைசலில் சுமார் 18 மணி நேரம் சுற்ற வேண்டும். காலையில் கொடுத்துவிட்டு "சாயங்காலம் ரிப்போர்ட் ரெடியா சார்?" என்று போன் செய்கிறார்கள். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், திட்டும் எனக்குத்தான். பீஸில் பேரம் வேறு. அதே ஆள் டைல்ஸ் கடையில் பேரம் பேசுவதில்லை.

அப்புறம், இரும்பை எஃகாக்கும்போது மிஞ்சும் ஸ்டீல் ஸ்லாக் என்று ஒன்றும் வரும், இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் நீறாத சுண்ணாம்பு இருக்கும், ஈரம் பட்டால் உப்பும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் அதற்கு அனுமதியே இல்லை.