கல்வி நிர்வாகத்தில் மையப்படுத்தல், பரவலாக்கம் என்றால் என்ன? நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?

பள்ளிக்கூட விஷயங்களை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் தலைநகரில் முடிவானால் மையப்படுத்தல். மாநிலமோ நகராட்சியோ முடிவு செய்தால் பரவலாக்கம்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதை விளக்கத் தாமிரபரணி போதும். பாபநாசம் அணையைத் திறக்கும் உத்தரவு மேலிருந்து வரும். இன்று யார் வயலுக்குத் தண்ணீர் என்பதை மடையடியில்தான் பேசி முடிப்பார்கள். அணையில் இருப்பவருக்கு வரப்பு தெரியாது. மடையில் நிற்பவருக்கு அணையின் இருப்பு தெரியாது.

பிரான்ஸில் அணையின் கை, அதாவது தலைநகரின் கை, ஓங்கியிருக்கிறது. நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். 1808-இல் நெப்போலியன் போட்ட பாதை அது. ஜெர்மனி நேர் எதிர். நாஜி ஆட்சி அதிகாரத்தையெல்லாம் பெர்லினில் குவித்ததைப் பார்த்தவர்கள், 1949-இல் எழுதிய அரசியல் சட்டத்தில் கல்வியை மாநிலங்களிடம் விட்டார்கள். 16 மாநிலங்களிலும் கோடை விடுமுறைகூட ஒரே நாளில் தொடங்காது! பின்லாந்தில் பாடத்திட்டத்தின் அடிப்படை தேசிய அளவில், பள்ளியை நடத்துவது நகராட்சி. எனக்கென்னவோ இதுதான் நம்ம ஊர் மடைக்கு நெருக்கம். இந்தியாவில் 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் வரும்வரை கல்வி மாநிலங்கள் சட்டம் போடும் மாநிலப் பட்டியலில் இருந்தது, அப்புறம் மத்திய அரசும் மாநிலங்களும் இருவருமே சட்டம் போடும் பொதுப் பட்டியலுக்குப் போனது.

பரவலாக்கம் என்றால் தனியாருக்குக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஜெர்மனியிலும் பின்லாந்திலும் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது பொதுப் பள்ளிகளில்தான்.