எட்டு மாதக் குழந்தைக்கு இறால், நண்டு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 6 மாதம் ஆகி, திட உணவுக்குப் பழகிய குழந்தைக்கு ஒவ்வாமைக்குப் பயந்து இவற்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) இருந்தாலோ, வேறு உணவு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் தடவை பகலில், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் கொடுங்கள். அன்று வேறு புது உணவு வேண்டாம். இறாலின் ஓட்டையும் முதுகு நரம்பையும் எடுத்துவிட்டு, கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் துளியும் இல்லாமல் வேகவையுங்கள். பிறகு மைய அரைத்து, பழகிய உணவில் கால் டீஸ்பூன் கலந்தால் போதும். துண்டாகக் கொடுக்கவே வேண்டாம். வெந்த இறால் ரப்பர் மாதிரி, தொண்டையை அடைத்துவிடும். நண்டுச் சதையை விரலால் தடவிப் பாருங்கள், ஓட்டுச் சில்லு ஒளிந்திருக்கும்.

ஒவ்வாமை தரும் முக்கியப் புரதமான டிரோப்போமயோசின் வேகவைத்தாலும் அழியாது. அதனால் 2 மணி நேரமாவது குழந்தையின் பக்கத்திலேயே இருங்கள். உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே ஆம்புலன்ஸ். சில குழந்தைகளுக்கு 1 முதல் 4 மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தி வரும். அதையும் அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

இறால் ஒத்துக்கொண்டாலும் சிப்பி, கணவாயைச் சில நாள் கழித்துத் தனியாகத்தான் தொடங்க வேண்டும்.