வாசகர் கேள்வி–பதில்: தண்ணீர் ஓரத்தில் ஒரு பேஸ்பால் மைதானம்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் பார்ப்பதற்காகவே பலமுறை இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போனவன். வரும் ஆடி மாதம் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப்போவதாக மருமகன் சொல்கிறார். விதிகள் தெரியாத நான் அங்கே எதைப் பார்ப்பது? எந்த இருக்கையை எடுக்கச் சொல்வது?
– பாம்பன் வாசகர்

பதில்: அவசியம் செல்லுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பால் அணியான ஜயண்ட்ஸின் மைதானம் ஓராக்கிள் பார்க், 2000-ஆம் ஆண்டில் வேறு பெயரில் திறக்கப்பட்டது. அதன் வலப்பக்கச் சுவரை ஒட்டியே வளைகுடாத் தண்ணீர் நிற்பதால், நம் கரைக்காரர் எவருக்கும் அங்கே அந்நியமாகத் தோன்றாது. முதலில் நாளைப் பாருங்கள். பருவத்தின் 162 ஆட்டங்களில் 81 மட்டுமே சொந்த ஊரில் நடக்கும். அணி வெளியூர் கிளம்பினால் ஒரு வாரத்துக்கு மேல்கூடத் திரும்பாது என்பதால், பயணத் தேதியும் ஆட்டத் தேதியும் பொருந்துகின்றனவா என்று மருமகன் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

சன்னிவேலில் கால்ட்ரெயின் என்ற புறநகர் ரயிலில் ஏறினால், கடைசி நிலையத்திலிருந்து மைதானம் நடக்கும் தூரம்தான். ஆனால் நேராக வாசலுக்குப் போகாமல், பக்கத்திலுள்ள மூன்றாவது தெருப் பாலத்தின்மேல் சிறிது நேரம் நில்லுங்கள். கோல்டன் கேட் பாலத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜோசப் ஸ்ட்ராஸ் வடிவமைத்து, 1933-இல் கட்டப்பட்ட தூக்குப்பாலம் அது. 1914-இல் திறக்கப்பட்ட நம் பழைய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இருபுறமும் இரண்டு கைகள் எழும்பியதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, ஒற்றைக் கையோடு நிற்கும் அந்தப் பாலத்தைப் பார்த்ததுமே அதன் வேலை விளங்கிவிடும். (பந்து பார்க்கப் போகிறவரிடம் பாலத்தைப் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ண வேண்டாம், அந்தப் பாலத்துக்கு வைத்திருப்பதும் லெஃப்டி ஓ'டூல் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர்தான்.)

விதிகளில் மூன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று பேர் அவுட்டானால் பக்கம் மாறும், இப்படி இரு அணிகளும் ஒன்பது முறை அடிக்கும் (இரு அணிகளும் ஒருமுறை அடித்து முடிக்கும் சுற்றுதான் அங்கே ஓர் இன்னிங்ஸ்), சமநிலையில் நின்றால் முடிவு தெரியும்வரை ஆட்டம் நீளும். கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு இடறுவது வேறொன்று: அடிப்பவருக்கு முன்னால் விசிறிபோல் விரியும் செங்கோணப் பரப்பு மட்டுமே ஆடுகளம் என்பதால், பந்தைக் கீப்பருக்குப் பின்னால் மெல்லத் தட்டிவிட்டு நான்கு ஓட்டம் சேர்க்கும் கலை அங்கே செல்லாக்காசு. பந்து தரையில் குத்தாமலே 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பாய்ந்து வருகிறது. பத்துக்கு மூன்று முறை அதை நல்லபடி அடித்துத் தளத்தை (அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடத்தை) எட்டுபவரைத் தேர்ந்த ஆட்டக்காரர் என்று கொண்டாடுகிறார்கள். ஆகவே ஓட்டம் வரவில்லையே என்று சலிக்காமல், ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தடுப்பாளர்கள் எப்படி இடம் மாறி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். உங்களைப் போன்ற டெஸ்ட் ரசிகருக்கு ஆட்டத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

அந்த நகர்வுகள் தெரிய வேண்டுமானால் உயரம் வேண்டும். அடிப்பவருக்கு நேர் பின்னால் மேலடுக்கில் இடம் எடுக்கச் சொல்லுங்கள். கீழடுக்கைவிட விலையும் பொதுவாகக் குறைவு, களம் முழுவதோடு அப்பாலுள்ள தண்ணீரும் கண்ணில் படும். பார்வையாளரைக் காக்கும் வலைக்கு வெளியே கீழே உட்காருபவர் செல்பேசியில் தலை கவிழ்ந்திருக்கக் கூடாது, ஏனெனில் பந்து எந்நேரமும் வரலாம். நுழைவுச்சீட்டு செல்பேசியில்தான் வரும். பையை வீட்டிலேயே விட்டுவிடுவது நிம்மதி. கம்பளிச் சட்டையை மட்டும் மறக்காதீர்கள். ஆடியில் நம் கச்சான் காற்று உடம்பைக் காயவைக்கும். அங்கே அதே மாதத்தில் குளிர்ந்த பெருங்கடலிலிருந்து வரும் மாலைக் காற்று எலும்பைத் துளைக்கும். ஜூலைதானே என்று அரைக்கைச் சட்டையோடு போன நான், ஐந்தாவது இன்னிங்ஸில் கடையில் அநியாய விலைக்கு ஒரு போர்வை வாங்கினேன்.

கேள்வி: சிறு பிள்ளைகளோடு அதே மைதானத்துக்குப் போகிறோம். அங்கே நாங்கள் உண்ணக்கூடியது கிடைக்குமா? எவ்வளவு நேரம் ஆகும்?
– கீழக்கரை வாசகி

பதில்: ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் ஹாட் டாக் மாட்டிறைச்சியிலும் இருக்கும், பன்றி இறைச்சியிலும் இருக்கும்; கேட்காமல் வாங்க வேண்டாம். அந்த மைதானத்தின் புகழ்பெற்ற பண்டம் பூண்டு தூவிய உருளைக்கிழங்கு வறுவல். அதையும் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பந்து வீசுவதற்கு 2023-இல் நேர வரம்பு வைத்தபிறகு ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் அரங்கமே எழுந்து நின்று பாடும். அதுவரையாவது பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள்.

கேள்வி: பந்து தண்ணீரில் விழுமாமே, அதை யார் எடுப்பார்கள்?
– தேவிபட்டினம், மீன்பிடி தொழிலாளி

பதில்: முதலில் எட்டுகிறவர். அந்த நீர்ப்பரப்பை மெக்கோவி கோவ் என்பார்கள். வலக்கோடியில், அடிக்கும் இடத்திலிருந்து 309 அடியில், ஜயண்ட்ஸின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் வில்லி மேஸின் சட்டை எண்ணான 24-ஐ நினைவூட்ட 24 அடி உயரத்தில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்; அதைத் தாண்டிப் பந்தை நேராக நீரில் விழச்செய்த முதல் ஜயண்ட்ஸ் வீரர் பாரி பாண்ட்ஸ், 2000 மே 1 அன்று. துடுப்புப் படகுகளில் கைவலையோடு காத்திருப்பவர்கள், இடக்கை ஆட்டக்காரர் களமிறங்கியதும் படகைத் திருப்பி நிறுத்திக்கொள்வார்கள், ஏனெனில் அவர் பலம்கொண்டு இழுத்து அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் வரும். விழுந்த பந்து மிதக்கும். எடுத்தவருக்கே அது சொந்தம். சேப்பாக்கத்தைப் போல் திருப்பி எறிய வேண்டியதில்லை.